கைபேசி வரைபடமா, காகித வரைபடமா?

பழக்கமில்லாத ஊருக்குக் கிளம்பும்போது எதை நம்புவது?

எளிமை: கைபேசி, எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் குரலிலேயே சொல்லிவிடும். காகிதத்தில் திசையை நாமேதான் பிடிக்க வேண்டும்.

நம்பகம்: ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை, சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் 4-இன் சிக்னல் கிடைத்தால் போதும். ஆனால் வரைபடத்தை முன்பே பதிவிறக்காவிட்டால் வெற்றுத் திரையில் நீலப்புள்ளி மட்டும் நிற்கும் (பலர் மறப்பது இதைத்தான்). சார்ஜ் தீர்ந்தால் அதுவும் போச்சு. காகிதத்துக்கு மழை ஆகாது. புதுச் சாலைகளும் அதில் இருக்காது.

செலவு: இரண்டிலும் பெரிதில்லை.

வழி மனதில் பதிவது: இதில் காகிதத்துக்கே என் ஓட்டு. குரல் சொன்னபடியே போனால், போன வழியே மறுமுறையும் புதிதாகத் தெரியும்.

நகர நெரிசலுக்குக் கைபேசி. மலை, காடு என்றால் காகிதத்தோடு ஒரு திசைகாட்டியும் பையில் இருக்கட்டும்.