சென்னை, கிண்டில், கொட்டாஞ்சேனை: மூன்று நாவலும் மூன்று வழியும்

எழுதுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: புத்தகத்தை எங்கே அடித்தீர்கள், எவ்வளவு காசு முடிந்தது? போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க வாசலில் வைத்து ஒரு தங்கச்சி என்னிடம் இதையேதான் கேட்டாள். முதல் நாவலை முடித்துவிட்டாள், கையில் கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிறாள், சென்னைப் பதிப்பகமா, அமேசானின் கிண்டில் மின்னூலா, இங்கேயே ஒரு அச்சகமா என்று முடிவெடுக்க முடியவில்லை. நான் மூன்று நாவலையும் இந்த மூன்று வழியிலும் ஒவ்வொன்றாக வெளியிட்டவள், மூன்றும் என் சொந்தப் பொறுப்பில். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்ததால் பாதி சொல்லி பாதியில் விட்டுவிட்டு வந்தேன். மிச்சத்தை ஆறுதலாக எழுதுகிறேன், அவளுக்கும் அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும்.

சொந்தமாகப் புத்தகம் போடுவது எங்கள் பக்கத்தில் புதுப் பழக்கம் கிடையாது. 1970களில் வீரகேசரிப் பத்திரிகை நாவல்களை மலிவு விலையில் வரிசையாக வெளியிட்ட அந்தக் கொஞ்சக் காலத்தை விட்டால், ஈழத்து எழுத்தாளர்களில் நிறையப் பேர் தங்கள் கைக்காசையும் நண்பர்களின் உதவியையும் நம்பித்தான் புத்தகம் போட்டார்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை இதழைத் தானே கையில் கொண்டு திரிந்து விற்றவர். ஆகவே "சொந்தமாகப் போட்டதா?" என்று யாராவது ஒரு மாதிரிக் கேட்டால் தலை குனியத் தேவையில்லை. எந்த வழியில் போடுகிறோம் என்பதுதான் யோசிக்க வேண்டியது.

எனக்கு இதில் ஒரு அளவுகோல் இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கணக்கியல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எழுத எனக்குக் கிடைப்பது காலை நாலரையிலிருந்து ஆறு மணி வரை, அவ்வளவுதான். ஆறு மணிக்குப் பிறகு சோற்றுப் பார்சல், பிள்ளைகளின் பள்ளி வான், அம்மாவின் மருந்து, எட்டு மணி ரயில். அந்த ஒன்றரை மணித்தியாலத்திலிருந்து ஒரு வழி எவ்வளவை எடுக்கிறது, எதைத் திருப்பித் தருகிறது என்றுதான் நான் பார்க்கிறேன்.

சென்னையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017இல் முதல் நாவல். அச்சுச் செலவை நான் கொடுப்பது, 150 பிரதி எனக்கு, மிச்சம் அவர்கள் விற்பது என்று பேச்சு. தாள் நல்ல தாள், கட்டு நல்ல கட்டு, அட்டையைப் பார்த்தபோது அழுகை வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஜனவரி சென்னைப் புத்தகக் கண்காட்சியில் என் புத்தகம் மேசையில் இருந்த படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள், அதை இன்னும் வைத்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆசிரியை நாலு பக்கம் கடிதம் எழுதினார். இதெல்லாம் இங்கே அடித்திருந்தால் நடந்திருக்காது.

ஆனால் மெய்ப்புப் பார்த்தவர் "கதைத்தாள்" என்று நான் எழுதிய இடமெல்லாம் "பேசினாள்" என்று மாற்றியிருந்தார். "விளங்கவில்லை" எல்லாம் "புரியவில்லை" ஆகிவிட்டது. "பாண்" என்று எழுதியது "ரொட்டி" ஆகிவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அங்கே உள்ள வாசகருக்கு வாசிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று செய்திருக்கிறார். அதே கொழும்புப் பிள்ளைகள், அதே காலி வீதி, ஆனால் வாயைத் திறந்தால் வேறு ஊர். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். அதைவிட, விற்ற கணக்கு இன்றுவரை வரவில்லை. இரண்டு வருஷம் மின்னஞ்சல் போட்டுப் போட்டு விட்டுவிட்டேன். என் 150 பிரதியும் துறைமுகத்தில் ஐந்து வாரம் கிடந்து, இரண்டு பெட்டி ஈரத்தில் ஊதிப்போய் வந்தது. இந்த வழி என் காலை நேரத்தில் கை வைக்கவில்லை, அது உண்மை. ஆனால் அந்த ஆசிரியையின் கடிதத்தைத் தவிர எழுத்துக்கு அது எதையும் தரவும் இல்லை.

இரண்டாவது நாவல் முடிந்தது 2022இல். அந்த வருஷம் எப்படியிருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் மாதத்தில் தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. அச்சகத்தில் விலை கேட்டால் "நாளைக்கு வேற விலை அக்கா" என்றார்கள். பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில் போனில் சார்ஜ் இருக்கும் வரை தட்டி முடித்த நாவல் அது. கிண்டிலை விட்டால் வேறு வழி இருக்கவில்லை.

கிண்டிலில் உள்ள நல்லதை முழு மனதோடு சொல்கிறேன். முன்பணம் ஒரு சதமும் இல்லை. ஐஎஸ்பிஎன் என்கிற சர்வதேசப் புத்தக எண் வேண்டாம். ஒருங்குறியில் (யூனிகோடில்) அடித்த கோப்பை அப்படியே ஏற்றலாம், தமிழை ஏற்றுக்கொள்கிறது. 2.99 டொலரிலிருந்து 9.99 வரை விலை வைத்தால் 70 வீதம் எழுதியவருக்கு, அதற்குக் குறைத்தால் 35 வீதம். இந்திய வாசகருக்கு விற்பதிலும் 70 வேண்டும் என்றால் செலெக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாளைக்கு மின்னூலை வேறெங்கும் கொடுக்கக்கூடாது. ரொறன்ரோவில் இருக்கும் சித்தி மகள், லண்டனில் இருக்கும் பள்ளித் தோழி, இவர்களுக்கெல்லாம் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். கிண்டிலில் அன்றிரவே வாசித்தார்கள். பிழை கண்டால் திருத்திய கோப்பை மறுபடி ஏற்றலாம். கதைத்தாள் கதைத்தாளாகவே இருந்தது.

எது குறைந்தது? இங்குள்ளவர்கள் வாங்கவில்லை. இலங்கைக்கென்று தனிக் கடை அமேசானில் கிடையாது, அமெரிக்கத் தளத்தில் போய் டொலரில் கட்ட வேண்டும், எங்கள் தொடர்மாடியில் அதற்கு அட்டை வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்? அப்புறம் அந்த அறிக்கைப் பக்கம். மாதச் சந்தா கட்டி வாசிக்கிறவர்கள் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று நாளுக்கு நாள் காட்டும், அதற்கேற்பத்தான் காசு. காலை நாலரைக்கு எழும்பி எழுதுவதற்கு முன்னால் அதைத் திறந்து பார்க்கப் பழகிவிட்டேன். ஒரு நாள் 212 பக்கம் என்று இருந்தது. ஒரே ஆள் இரவிரவாக இருந்து முடித்தாரா, நாலு பேர் ஐம்பது ஐம்பது பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்களா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஒன்றரை மணித்தியாலமும் அதை யோசிப்பதிலேயே போனது. இப்படி எத்தனை விடியல் போனது என்று எண்ணிப் பார்த்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

வாசகியாகவும் இதைச் சொல்ல வேண்டும். ரயிலில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குக் கொஞ்ச நேரம்தான், பம்பலப்பிட்டியில் ஏறுகிற கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் போனில் நாலு பக்கம் வாசிக்க முடிகிறது, காகிதப் புத்தகத்தை அப்படி வாசிக்க முடியாது. ஆனால் போனில் வாசித்த நாவலில் ஒரு இடத்தைத் திரும்பத் தேடினால் எனக்குக் கிடைப்பதில்லை. காகிதத்தில் என்றால் "இடப்பக்கம், கீழே, தேத்தண்ணிக் கறைக்குக் கிட்ட" என்று கைக்கே தெரியும்.

மூன்றாவது நாவலைக் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் அடித்தேன், 2024இல். 208 பக்கம், ஒரே தாளில் சேர்த்து அடிக்கிற பதினாறு பக்கப் பாரம் கணக்கில் சரியாகப் பதின்மூன்று. முதலில் 211 பக்கம் வந்தது. மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஏற்றவா என்று கேட்டார்கள். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து மூன்று பக்கத்தை வெட்டினேன், வெட்டிய பிறகு அந்த அத்தியாயம் இன்னும் நன்றாக இருந்தது. 300 பிரதிக்கு எல்லாம் சேர்த்து 165,000 ரூபா, பிரதிக்கு 550. விலை 900 வைத்தேன். கடைக்கு நான் கொடுக்கும் கழிவு 35 வீதம், கையில் வருவது 585. அதாவது கடையில் ஒரு பிரதி விற்றால் 35 ரூபா மிச்சம். கிண்டிலில் ஒரு பிரதிக்குக் கிட்டத்தட்ட இரண்டு டொலர், இன்றைய கணக்கில் அறுநூறு ரூபா. பதினேழு பிரதி கடையில் விற்றால்தான் அதற்குச் சமம். காசை மட்டும் பார்க்கிறவர்கள் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டு மின்னூலுக்குப் போகலாம், அதில் தப்பே இல்லை.

பாமினி எழுத்துருவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாங்கள் போனிலும் கணினியிலும் ஒருங்குறியில் அடிக்கிறோம், இங்குள்ள பல அச்சகங்களில் பக்கம் போடுவது இன்னும் பாமினி எழுத்துருவில். மாற்றும்போது எங்காவது தவறும். நாம் காற்புள்ளி அடிக்கிற விசையில் பாமினியில் "இ" இருக்கிறது, ஆகவே மாறாமல் தப்பிய காற்புள்ளியெல்லாம் "இ" ஆகிவிடும். என் முதல் மெய்ப்பில் ஒரு வசனம் இப்படி வந்தது: "அவள் வந்தாள்இ இருந்தாள்இ ஒன்றும் சொல்லாமல் போனாள்." பக்கம் போட்ட தம்பிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு "இ"யாகப் பார்த்தோம். நடுவில் அவர், "அக்கா, இந்தப் பிள்ளை ஏன் ஒண்டும் சொல்லாமப் போகுது? கோவமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை, அவரே ஸ்க்ரோல் பண்ணி அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். அந்த நாவலுக்குக் கிடைத்த முதல் வாசகர் அவர்தான்.

ஐஎஸ்பிஎன் எடுக்கத் தேசிய நூலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், 978-624 என்று தொடங்கும் எண் வந்தது. தமிழ்ச் சங்கத்தில் ஒரு ஞாயிறு மாலை வெளியீடு. வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, அவற்றை வாங்குகிறவர்கள் என்வலப்பில் தரும் காசு, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்தச் சடங்கைப் பழைய பாணி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அன்று அச்சகக் கடனில் பாதிக்கு மேல் அடைந்தது, அந்த என்வலப்புகளைத் தந்தவர்களை நான் மறக்க மாட்டேன்.

இந்த வழி எனக்கு எதைத் திருப்பித் தந்தது என்பதற்கு வருகிறேன். எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஒரு அன்ரி இருக்கிறார், எழுபது வயது தாண்டிவிட்டது, சின்ன வயதிலிருந்து வெள்ளவத்தை. வெளியீடு முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு புத்தகத்தோடு கதவைத் தட்டினார். 117ஆம் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு. 1978இல் நடக்கிற காட்சி, என் நாயகி ஒழுங்கையால் இறங்கிக் கடலோர வீதியான மரைன் டிரைவில் நின்று கடலைப் பார்க்கிறாள்.

"பிள்ளை, எழுபத்தெட்டில மரைன் டிரைவ் எங்க இருந்தது? ஒழுங்கை முடிஞ்சா தண்டவாளம், தண்டவாளத்துக்கு அங்கால கல்லும் கடலும். நாங்க ரயில் வருதா எண்டு பாத்துத்தான் கடக்கிறது."

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. நாலு தடவை திருத்தி எழுதிய பக்கம் அது. அவர் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே, மத்தியான ரயில் போன பிறகு தண்டவாளத்தின் சூட்டில் காலை வைத்து யார் கூட நேரம் நிற்கிறது என்று பந்தயம் பிடித்ததைச் சொன்னார். அந்த ஒரு வரிக்காக நான் பத்துப் பதினைந்து விடியல் எழுதியிருக்கிறேன், கிடைக்கவில்லை. கிண்டிலின் 212 பக்கத்தில் இது இல்லை. திருநெல்வேலி ஆசிரியையின் அருமையான கடிதத்திலும் இது இருக்க நியாயமில்லை, அவருக்கு எங்கள் ஒழுங்கை தெரியாது.

ஆகவே தங்கச்சிக்கு நான் சொல்வது: 200 பிரதி இங்கே அடி. கடைகளுக்கு நூறுக்கு மேல் கொடுக்காதே, மிச்சத்தை உன் தெரு, உன் அலுவலகம், உன் பழைய பள்ளிக்கூடம் என்று கையில் கொடு. அறிந்தவர்கள் வாசித்துப் பிழை சொன்ன பிறகு, ஆறு மாதம் கழித்து, திருத்திய பிரதியைக் கிண்டிலில் ஏற்று, வெளிநாட்டில் உள்ளவர்கள் அதை வாங்குவார்கள். அறிக்கைப் பக்கத்தை மாதத்தில் ஒரு நாள் மட்டும் திற. சென்னையிலிருந்து உன் காசு கேட்காமல் யாராவது கூப்பிட்டால் போ, ஆனால் உன் சொற்களை மாற்றுவதில்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள். ஒரு பிரதியை நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுக்க மறக்காதே. 1981இல் யாழ் நூலகத்தில் 97,000 புத்தகம் எரிந்த இனம் நாங்கள், 2005இலிருந்து அவர்கள் ஈழத்துப் புத்தகங்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னிடம் இப்போது 41 பிரதி மிச்சம். மின்னூலாக்கும் கோப்பில் 117ஆம் பக்கத்தைத் திருத்திவிட்டேன், இந்த 41ஐயும் இரவில் சமையல் முடிந்த பிறகு பேனையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். மரைன் டிரைவை ஒரு கோட்டால் வெட்டி மேலே "தண்டவாளத்தடியில்" என்று சின்ன எழுத்தில். பத்தொன்பது முடிந்திருக்கிறது. நாலாவது நாவலுக்காக அன்ரியோடு வருகிற சனிக்கிழமை ஒழுங்கை முடிவு வரை நடந்து போகிறோம், எந்த வீட்டு மதிலில் யார் பெயர் இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்ள வேண்டும்.