20 மணி நேரக் கணினிக் கல்வி: ஒரு மதிப்பீடு

பிரதம மந்திரி கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் 2017இல் தொடங்கி 2024 மார்ச்சில் நிறைவடைந்த இலவசப் பயிற்சித் திட்டம். 14 முதல் 60 வயது வரையிலானோருக்கு 20 மணி நேரம் கற்பித்தார்கள். கைப்பேசியில் பணம் அனுப்பவும் மின்னஞ்சல் தொடங்கவும் அது போதும். ஆனால் சான்றிதழை ஸ்கேன் செய்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி, வேலைக்கான விண்ணப்பத்தில் ஏற்றும் பழக்கம் அதற்குள் கைவராது என்பதே என் கருத்து. கொள்குறி வினாக்களைக் கொண்ட இறுதித் தேர்வும் அந்தக் கைப்பழக்கத்தைச் சோதிக்கவில்லை. பெரிய குறை, குடும்பத்துக்கு ஒருவர் என்ற விதி: கல்லூரிக்குச் செல்லும் மகன் அறிந்திருந்தாலே வீடு முழுவதும் அறிந்ததாகக் கணக்கு. நூறு நாள் வேலைக் கூலி வங்கியில் ஏறியதா என்று பார்க்க அவனையே எதிர்பார்க்கும் தாய்க்கு (அவருக்கல்லவா இது முதலில் தேவை!) அந்தக் கணக்கில் இடமில்லை.