சாலிட் ஆக்ஸில் போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் என் 2,40,000 போன கதையைப் படியுங்கள்

இன்று மதியம் பட்டறையில் டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் இருக்கும் கியர் பெட்டி) கவரைத் திறந்து பார்த்துவிட்டு நேராக வந்து எழுதுகிறேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. முன்பக்க ஐஎஃப்எஸ்ஸை (இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷன்) கழற்றிவிட்டு சாலிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு) போட நினைக்கிற யாரும் இப்படி ஏமாறக் கூடாது. எனக்குப் போனது 2,40,000 ரூபாய். பட்ஜெட்டை எப்படிப் போட வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆஃப்ரோடு வண்டிகளை மட்டுமே எடுக்கிற இடம். பழைய ஆக்ஸிலை அவர்களே விற்று, அவர்களே மாட்டியும் தருகிறார்கள்.

முதல் நாள் பட்டறைக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு தானே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். இருபது நிமிஷம் வெளியே வரவில்லை. கிழிந்த சிவி பூட்டை (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி மூட்டின் ரப்பர் உறை) காட்டி, "தம்பி, இதை எத்தனை தடவை மாத்தினாலும் திரும்ப உடையும். டயரு பெருசு, ஆங்கிள் தாங்காது" என்றார். உண்மைதான். இந்த வருஷம் மட்டும் இரண்டு சிவி போயிருந்தது. என் வண்டியின் நோயைச் சரியாகச் சொன்ன ஆள் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்தேன்.

பில் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: டானா 44 ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங், கூலி, எல்லாம் சேர்த்து 2,40,000. "எல்லாம் சேர்த்துன்னா, ஓட்டிட்டுப் போற அளவுக்காண்ணே?" என்று கேட்டேன். "சாவியைக் கையில குடுப்பேன் தம்பி." இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பணத்தைக் கொடுத்தேன்.

என் பின் ஆக்ஸிலின் கியர் ரேஷியோ 4.10, அதாவது சக்கரங்கள் ஒரு சுற்று வர ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்ற வேண்டும். முன்னாலும் அதே ரேஷியோ வேண்டும், இல்லையென்றால் ஃபோர் வீல் போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (இன்ஜின் சக்தியை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி) இழுபறி தொடங்கிவிடும். அதைச் சொன்னதும் மறுநாளே வீடியோ அனுப்பினார். சக்கரம் மாட்டும் ஹப்பில் சாக்பீஸ் கோடு, பினியனை (ஷாஃப்ட் வந்து சேரும் சின்ன கியர்) கையால் சுற்றுகிறார், ஹப் இரண்டு சுற்று வருவதற்குள் பினியன் நாலு சுற்றும் கொஞ்சமும். ஒரு பக்க ஹப் மட்டும் சுற்றும்போது அதன் இரண்டு சுற்றுக்குத்தான் 4.10 வரும், கணக்குச் சரிதானே என்று 80,000 அனுப்பினேன். "இன்னைக்கே பார்ட்ஸ் எடுக்கணும் தம்பி" என்று இன்னொரு லட்சம் வாங்கினார்.

அடுத்த வாரம் சேஸிஸில் பழைய ஐஎஃப்எஸ்ஸைத் தாங்கிய ஆர்ம் மவுண்டுகளை (பிராக்கெட்டுகள்) அறுத்து எறிந்தார்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: அந்த பிராக்கெட்டுகளை அறுத்த பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டுகூட வேறு பட்டறைக்குப் போக முடியாது. அதுவரை அவர் நமக்குத் தயவாகப் பேசுவார். அதற்குப் பிறகு நாம் அவரிடம் கெஞ்ச வேண்டும். அறுத்த அன்றே மிச்ச 60,000 கேட்டார், கொடுத்தேன். மொத்தம் 2,40,000 அவர் கைக்குப் போய்விட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஸ்டியரிங்குக்கான ஹை ஸ்டியர் ஆர்ம் தனி. டிராக் லிங்க், டை ராட் தனி. ஸ்டியரிங் பாக்ஸை முன்னால் நகர்த்தி பிளேட் வெல்டு செய்ய வேண்டும், அதுவும் தனி. ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் பழைய முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எட்டாது, புதிதாகச் செய்ய வேண்டும். நீள பிரேக் ஹோஸ், ஷாக் மவுண்டு, பம்ப் ஸ்டாப் எதுவும் கணக்கில் இல்லை. "அப்ப எல்லாம் சேர்த்துன்னு எழுதிக் குடுத்தது என்னண்ணே?" என்றால், "ஸ்டியரிங்குன்னு அதுல எழுதியிருக்கா?" என்று தாளை என்னிடமே திருப்பிக் காட்டுகிறார்.

இன்னொன்று. பினியனை ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பார்த்து மேலே தூக்கினால் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்துவிடும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, ரோட்டில் அலையும். அதைச் சரிக்கட்ட ஆக்ஸில் ட்யூபின் முனையிலிருக்கும் நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) மவுண்டுகளை அறுத்துத் திருப்பி வெல்டு செய்ய வேண்டும். ஆக்ஸிலை வெளியே வைத்திருக்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலை. மாட்டி முடித்த பிறகு வந்து சொல்கிறார்கள்.

மூன்று வாரம் போன் எடுக்கவில்லை. எடுத்தால் "வெல்டர் லீவு". நேரில் போனால் "அண்ணன் வெளிய போயிருக்காரு". இன்று நானே ஸ்பேனர் எடுத்துப் போய்க் கவரைத் திறந்தேன். வெளியே பளபளவென்று புது கறுப்புப் பெயின்ட், உள்ளே கருகிய வாடையோடு பழைய ஆயில். பினியன் சுற்றும் பெரிய கியரான கிரவுனின் ஓரத்தைத் துணியால் துடைத்தேன். பல் எண்ணிக்கை குத்தியிருந்தது: 41-11. வகுத்துப் பாருங்கள், 3.73. நான் பணம் கொடுத்தது 4.10க்கு.

வீடியோவில் என்ன நடந்தது என்று இப்போதுதான் புரிகிறது. ஓப்பன் டிஃபரன்ஷியலில் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் வகை) மறுபக்க ஹப்பை அசையாமல் பிடித்தால்தான் இந்தப் பக்க இரண்டு சுற்றுக் கணக்கு சரியாக வரும். மறுபக்கம் ஐந்தில் ஒரு சுற்று கூடவே நகர்ந்தால் போதும், 3.73 நாலு சுற்றும் கொஞ்சமும் ஆகிவிடும். அந்த வீடியோவில் மறுபக்கம் தெரியவே இல்லை. கியர் செட்டை மட்டும் மாற்றினாலும் ஆகாது. டானா 44இல் 3.73 வரை ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்கும் கூடு), 3.92இலிருந்து மேலே வேறு கேரியர். அதையும் வாங்க வேண்டும், பேரிங், ஷிம் செட்டிங் எல்லாம் புதிதாக.

போட்டோவைக் காட்டிக் கேட்டேன். "வீடியோ பாத்துட்டுத்தானே சார் ஓகே சொன்னீங்க?" தம்பி போய் சார் வந்துவிட்டது. இதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

விரிவாக எழுதும் நிலையில் இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஆக்ஸில் விலையை பட்ஜெட் என்று நினைக்காதீர்கள். ஸ்டியரிங், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக், கியர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். கவரைத் திறந்து கிரவுனில் இருக்கும் எண்ணைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசு கொடுக்காதீர்கள். ட்ரான்ஸ்ஃபர் கேஸின் முன் அவுட்புட் எந்தப் பக்கமோ டிஃபரன்ஷியல் அந்தப் பக்கம் இருக்கிறதா, வீல் போல்ட் பின்பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எல்லாப் பொருளும் தரையில் வந்து இறங்கும்வரை சேஸிஸை அறுக்க விடாதீர்கள்.

நாளைக் காலை வண்டியை எடுக்கப் போகிறேன். ஸ்டியரிங் லிங்க் இல்லாமல் முன்சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்பதால் கட்டி இழுக்க முடியாது, பிளாட்பெட்தான் சொல்லியிருக்கிறேன். அந்த வாடகை 2,40,000 போகத் தனி.