அடுப்படி ஜன்னலில் மல்லியும் புதினாவும்: மூன்று வருஷ அனுபவம்

செங்கோட்டையில் மொட்டை மாடியில் செடி வைத்தால் குரங்குக்கும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் புதினாவை அது தின்னக்கூட இல்லை. வேரோடு பிடுங்கி, மோந்து பார்த்து, போட்டுவிட்டுப் போனது. குரங்குக்குத் தப்பினால் காற்று. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் மல்லித்தண்டு ஒன்றுகூட நிமிர்ந்து நிற்காது. அப்படித்தான் தொட்டிகள் அடுப்படிக்குள் வந்தன.

கிழக்கு பார்த்த ஜன்னல், அரையடி ஆழத்தில் நாலு தொட்டி, 20 வாட் எல்இடி ட்யூப் ஒன்று. ஊதா வெளிச்சம் தருகிற விலை கூடிய விளக்கெல்லாம் வேண்டாம். கீரை வகைக்குச் சாதாரண வெள்ளை ட்யூபே போதும். உயரம்தான் முக்கியம். முதல் தடவை மூன்றடி மேலே மாட்டினேன், நாற்றெல்லாம் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. செடிக்கு அரையடி மேலே இறக்கிய பிறகுதான் தண்டு தடித்தது. வெயில் இல்லாத மாதங்களில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரிகிறது. கணக்குப் பார்த்தால் இரண்டு மாசத்துக்கு 17 யூனிட் வரும். பக்கத்து வீட்டு ஆச்சி முதலில் பார்த்தபோது, "ஏட்டி, மல்லிக்கு லைட்டு போட்டு வச்சிருக்கியாக்கும்!" என்று சிரித்தார்.

மல்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் ஏமாந்தேன். பலசரக்குக் கடை மல்லியே முளைக்கும், பழைய சரக்காக இல்லாவிட்டால். டம்ளர் அடியால் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவினால் எட்டுப் பத்து நாளில் தலை தெரியும். 40 நாளில் கிள்ளலாம். சித்திரையில் விதைத்தால் மட்டும் அடுப்படிச் சூட்டில் இலை சோம்புத்தழை மாதிரி மெலிந்து, பூவுக்குப் போய்விடும். ட்யூபைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தும் பிரயோஜனமில்லை. வெளியே செடி நிற்காத சாரல் மாதங்களில்தான் உள்ளே மல்லி அமோகமாக வருகிறது. குளிர்ச்சி இலவசம், வெளிச்சம் மட்டும் நாம் கொடுக்க வேண்டும். இது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

புதினாவுக்கு இவ்வளவு பாடில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து தடித்த தண்டாகப் பொறுக்கி, கீழ் இலையை உருவி, தண்ணீர் பாட்டிலில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் வெள்ளை வேர் விடும். நாலைந்து மாசத்தில் வேர் தொட்டியைச் சுற்றிக்கொண்டு இலை சிறுத்துப்போகும். அப்போது கவிழ்த்துத் தட்டி, பாதியாக வெட்டி, புது மண்ணில் வைக்க வேண்டியதுதான்.

கற்பூரவல்லியை மறந்துவிட்டால் நன்றாக வளரும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அழுகும். கறிவேப்பிலையை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். இரண்டு கன்றைக் கொன்ற பிறகு சொல்கிறேன், அதற்கு முழு வெயில் வேண்டும்.

பெரிய தொல்லை பூச்சி. தேங்காய்நார்க் கழிவு எப்போதும் ஈரமாக இருந்தால் கொசு மாதிரிக் கறுப்பாகப் பொடிப்பொடியாகக் கிளம்பும். ஒரு நாள் ரசத்தில் மிதந்ததை மிளகு என்று நினைத்தார் வீட்டுக்காரர். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் அடித்தட்டில் தண்ணீர் ஊற்றினேன், மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செருகினேன். மூன்று வாரத்தில் அடங்கியது.

காசு மிச்சமா என்று கேட்டால், இல்லை. ஓணம் நெருங்கி, பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி மலை தாண்டிப் போகிற நாட்களில் விலை ஏறும்போது மட்டும் கொஞ்சம் தெரியும். சட்னிக்கு ஒரு கட்டு மல்லி வேண்டுமென்றால் இன்றைக்கும் கடைக்குத்தான் போகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு ரசம் இறக்கும்போது நாலு தழை கிள்ளிப் போடுவதற்குத்தான் இந்தத் தொட்டி. ஆச்சியும் இப்போது பேரனுக்குச் சளி என்றால் கற்பூரவல்லி இலைக்கு இங்கேதான் வருகிறார். லைட்டைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.