மழை நாளில் பனிச்சறுக்கு: சைப்ரஸா, விஸ்லரா, பிக் வைட்டா?

கனடாவின் வான்கூவரில் குளிர்காலம் என்றால் மழைதான். நகரத்தில் மழை பெய்துகொண்டிருக்கும்போதே வடக்கே மலையுச்சியில் பனி கொட்டும். சில நாள் அங்கேயும் மழையாகவே இறங்கும். அதனால் சனிக்கிழமை ஸ்கீ போக நினைக்கும் எல்லோருக்கும் வெள்ளி இரவு ஒரே குழப்பம். பக்கத்திலிருக்கும் சைப்ரஸ் மலைக்கே போய்விடலாமா? விஸ்லர் வரை போய் உயரத்தில் பனியைத் தேடலாமா? மழையே வேண்டாம் என்று கெலோனா பக்கம் பிக் வைட்டுக்கு வண்டியை விடலாமா? பெரும்பாலானோர் எங்கே பனி நன்றாக இருக்கும் என்று மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆபத்தையும் சேர்த்து எடை போட்டால் வரிசை மாறுகிறது.

முதலில் ஒரு எண். வானிலை அறிக்கையில் மழைக் குறியை விட்டுவிடுங்கள். உறைநிலை உயரம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். காற்றின் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்கு இறங்கும் உயரம் அது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். விழும் பனி உடனே உருகிவிடாது என்பதால், அந்தக் கோட்டுக்குக் கீழே இருநூறு, முந்நூறு மீட்டர் வரைகூடப் பனியாகவே வந்து சேரும். உறைநிலை 1,800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சைப்ரஸின் உச்சியே சுமார் 1,440 மீட்டர்தான். மேலிருந்து கீழ்வரை மழை. விஸ்லர் கிராமம் 675 மீட்டரில் இருப்பதால் அங்கும் மழை. ஆனால் 1,850 மீட்டரில், மலைமேல் இருக்கும் ரவுண்ட்ஹவுஸ் விடுதிக்குப் போய்விட்டால் பனி. பிக் வைட்டில் தங்கும் இடமே 1,755 மீட்டர். அதுவும் கடலை விட்டுத் தள்ளி, குளிர்காற்று தங்கும் உள்நாட்டில்.

சைப்ரஸிலிருந்து தொடங்குகிறேன், காரணம் அதைத்தான் எல்லோரும் முதலில் ஒதுக்குகிறார்கள். 2010 குளிர்கால ஒலிம்பிக்ஸின்போது இந்த மலையில் பனி போதாமல் லாரியிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுவந்து கொட்டினார்கள். அடியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதன் மேல் பனியைப் பரப்பினார்கள். அந்தப் பெயர் இன்னும் அதை விட்டுப் போகவில்லை. ஆனால் ஆபத்துக் கணக்கில் மழை நாளில் சைப்ரஸ் நல்ல மதிப்பெண் வாங்கும். நகரத்திலிருந்து அரை மணி நேரத்துப் பயணம். சறுக்கும் தூரம் குறைவு, பனி மெத்தென்று இருப்பதால் வேகமும் குறைவு. எல்லாவற்றையும்விட, நனைந்து குளிர ஆரம்பித்தால் உடனே கிளம்பிவிடலாம். தண்ணீர் உடம்புச் சூட்டை காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக இழுத்துக்கொள்ளும். இரண்டு டிகிரி மழையில் நனைந்த பிள்ளை, மைனஸ் பத்தில் காய்ந்த உடுப்போடு நிற்கும் பிள்ளையைவிடச் சீக்கிரம் நடுங்கும். ஜீன்ஸ் போட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பருத்தித் துணி தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடவே விடாது. மலையேற்றிவிடும் லிஃப்டின் இருக்கையில் தேங்கியிருக்கும் தண்ணீரில் ஒருமுறை உட்கார்ந்தாலே போதும்.

அங்கே உள்ள ஆபத்து முழங்காலுக்கு. ஒரு கைப்பிடி பனியை எடுத்துப் பிழிந்து பாருங்கள். உருண்டையாகப் பிடித்தால் ஈரம். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் அது ரொம்ப ஈரமான பனி. அந்தப் பனியில் ஸ்கீயின் அடிப்பாகத்தைத் தண்ணீர்ப்படலம் உறிஞ்சிப் பிடிக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று பிரேக் போட்டது மாதிரி ஸ்கீ நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். திரும்பும்போது கால் புதைந்து முறுக்கிக்கொள்ளும். ஸ்கீ காயங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முழங்காலில்தான் வருகிறது. வெப்பமான பனிக்கென்றே விற்கும் மெழுகைத் தேய்த்துப் போனால் இந்த இழுப்பு நன்றாகக் குறையும். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் உங்கள் எடைக்கும் திறமைக்கும் சரியாகச் சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கால் தளர்ந்த பிறகு வரும் கடைசி இறக்கத்தை நான் நம்புவதில்லை.

விஸ்லருக்கு வருவோம். உறைநிலை உயரம் சரியாக அமைந்தால் இதற்கு ஈடே இல்லை. கம்பியில் தொங்கிப்போகும் கோண்டோலாப் பெட்டியில் மழையோடு ஏறி, பாதி வழியில் கண்ணாடியில் வழியும் துளிகள் பனித்துகள்களாக மாறுவதைப் பார்க்கும் சந்தோஷம் தனி. ஆனால் மழையைத் தாண்டிப் போகிறோம் என்றால் புயலுக்குள் போகிறோம் என்று அர்த்தம். காற்று பலமாக இருந்தால் மேல் லிஃப்டுகளை மூடிவிடுவார்கள். அப்போது எல்லோரும் நடுமலையில் மூடுபனிக்குள் நெருக்கியடித்து இறங்க வேண்டியிருக்கும். 2010 ஒலிம்பிக்ஸில் இந்த விஸ்லர் மலையில் ஆண்கள் டவுன்ஹில் போட்டியையே வானிலையால் பிப்ரவரி 13-இலிருந்து 15-க்குத் தள்ளிவைத்தார்கள். வெளிச்சம் மங்கி மேடுபள்ளமே தெரியாதபோது மரங்கள் நிற்கும் பாதையோரமாக வருவது நல்லது, கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஓரமாக மட்டும், மரங்களுக்குள் அல்ல. புதுப்பனி ஆழமாக விழுந்த நாளில் பெரிய ஊசியிலை மரத்தடியில் கிளைகளுக்குக் கீழே ஒரு பொந்து உண்டாகியிருக்கும். தலைகுப்புற அதில் விழுந்தால் தானாக வெளியே வருவது மிகக் கடினம், சில நிமிடங்களில் மூச்சு முட்டிவிடும். துணைக்கு வருபவர் எப்போதும் பார்வையில் இருக்க வேண்டும்.

விஸ்லரில் எல்லைக் கயிற்றைத் தாண்டி வெளியே போகும் ஆசை வரும். மழை நாளில் அதற்கு என் பதில் ஒன்றுதான்: கூடாது. புதுப்பனி மேல் மழை விழுந்தால் பாரமும் ஏறும், துகள்களுக்கிடையே இருக்கும் பிடிப்பும் தளரும். பனிச்சரிவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அவலாஞ்ச் கனடா அமைப்பு குளிர்காலம் முழுக்க ஐந்து படிநிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸீவர் கருவி, துழாவும் கம்பி, மண்வெட்டி மூன்றும் பையில் இருந்தாலும், புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு.

பிக் வைட்டில் பனி உலர்ந்து லேசாக இருக்கும். மரங்கள் வெள்ளைப் பூதங்களாக நிற்கும். மலைமேல் கணக்கில் அதுதான் முதலிடம். ஆனால் கெலோனா வரை மட்டுமே ஏறக்குறைய 390 கிலோமீட்டர். நடுவில் 1,244 மீட்டர் உயரத்தில் கோகிஹல்லா கணவாய். நீங்கள் தப்பி ஓடும் அதே புயல் அங்கே உறைமழையாகவும் பனியாகவும் உங்களுக்காகக் காத்திருக்கும், பக்கத்தில் பெரிய லாரிகள் வேறு. விஸ்லர் சாலையானாலும் இதுவானாலும் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் கட்டாயம். டயர் இருந்தால் மட்டும் தூக்கம் கெட்ட கண்ணுக்குத் தெளிவு வந்துவிடாது. ஸ்கீயில் காயம் என்பது ஆயிரம் பேர் ஒரு நாள் சறுக்கினால் இரண்டு மூன்று பேருக்கு என்ற அளவில்தான் இருக்கிறது. அதற்குப் பயந்து, ஒரே நாளில் இருட்டில் போய் இருட்டில் திரும்புவது சரியான பேரமாக எனக்குத் தோன்றவில்லை. புயலுக்கு முன்னே போய், இரண்டு இரவு தங்கி, சாலை தெளிந்தபின் திரும்ப முடிந்தால் மட்டும் பிக் வைட்.

இந்த மூன்றிலும் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று இருக்கிறது: மழை நின்ற மறுநாள் காலை. மழை நாளில் விழுந்தால் மெத்தையில் விழுவது மாதிரி. இரவில் வானம் தெளிந்தால் அந்த ஈரமெல்லாம் கண்ணாடியாக இறுகிவிடும். ஞாயிறு காலை வெயிலைப் பார்த்துச் சந்தோஷமாக ஏறுகிறார்கள். செங்குத்தான இறக்கத்தில் ஒருமுறை சறுக்கி விழுந்தால் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை, மரம் வரை போகும். ஹெல்மெட் தலைக்காயத்தைக் குறைக்கும், கட்டாயம் போடுங்கள்; ஆனால் முழு வேகத்தில் மரத்தில் மோதுவதற்கு அது ஈடுகொடுக்காது. அன்று பதினொரு மணிக்கு மேல், வெயில் மேற்பரப்பை இளக்கியபின், இயந்திரம் சமப்படுத்திய பாதையில் மட்டும் போகலாம்.

ஆக என் தேர்வு இப்படி. உறைநிலை 1,800 மீட்டருக்குள் இருந்து காற்றும் அடங்கியிருந்தால் விஸ்லர். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் இப்போதுதான் பழகுகிறவர்களுக்கும், லேசான மழை என்றால் சைப்ரஸில் அரை நாள். ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை, காகிள்ஸின் உட்புறத்தை ஈரக் கையால் துடைக்காமலிருக்க ஒரு காய்ந்த துணி. உறைநிலை 2,500-ஐத் தாண்டினால் விஸ்லரின் உச்சி லிஃப்டிலும் மழை விழ வாய்ப்பு அதிகம். அன்று வீட்டிலேயே இருந்து ஸ்கீயின் விளிம்பைத் தீட்டி வையுங்கள். ஞாயிறு பனிக்கட்டியில் கால் நிற்க வேண்டுமே.