உபுண்டு 24.04: இருப்பதை மேம்படுத்துவதா, புதிதாக நிறுவுவதா?

வீட்டுக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04 பதிப்பு ஓடுகிறதென்றால், 24.04-க்குப் போக இரண்டு வழி உண்டு. இருப்பதையே மேம்படுத்தலாம், அல்லது பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவலாம்.

மேம்படுத்தினால் கோப்புகள், பிரிண்டர் அமைப்பு, தமிழ்99 விசைப்பலகை எல்லாம் இருந்தபடியே இருக்கும். ஆனால் வெளியிலிருந்து சேர்த்த பிபிஏக்கள், அதாவது பிறர் நடத்தும் மென்பொருள் களஞ்சியங்கள், முடக்கப்பட்டுவிடும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 24.04-க்கான பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து இயக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழசு, பாதி புதுசாக நிற்கும். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

புதிதாக நிறுவினால் பழைய குப்பை மிஞ்சாது. வேலைதான் அதிகம். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் இரண்டையும் நகலெடுத்துவிட்டுப் பலர் வட்டை அழித்துவிடுகிறார்கள். ஆனால் பயர்பாக்ஸின் புக்மார்க்குகளும் கடவுச்சொற்களும் உங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் கோப்புறைக்குள் 'ஸ்னாப்' என்ற கோப்புறையில் இருக்கின்றன. தண்டர்பேர்டு மின்னஞ்சல் போன்றவை மறைந்த கோப்புறைகளில் இருக்கலாம். கோப்பு மேலாளரில் கண்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அவை தெரியும். ஹோம் முழுவதையும் வெளி வட்டுக்கு நகலெடுப்பதே நல்லது.

பிபிஏ ஒன்றிரண்டுதான் என்றால் நான் மேம்படுத்தவே சொல்வேன், அதுவும் பேக்கப் எடுத்த பிறகு. இன்னும் 18.04-இல் இருப்பவர்கள் 20.04, 22.04 என்று படிப்படியாக ஏற வேண்டியிருக்கும். அவர்களுக்குப் புதிதாக நிறுவுவதுதான் சரி. 22.04-க்கு 2027 வரை ஆதரவு உண்டு, அவசரமில்லை.