தோல் கவசம் என்று போலித் தோலைத் தலையில் கட்டினார்கள்: மும்பைத் தமிழர்கள் கவனத்துக்கு

காமிக் கான் மாதிரி வேடம் போட்டுப் போகிற விழாவுக்கோ நாடகத்துக்கோ தோலில் கவசம், வாளுறை, இடைக்கச்சு என்று செய்யக் கொடுக்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சாம்பிள் என்று கையில் தரும் துண்டு ஒன்று, கடைசியில் வந்து சேரும் பொருள் இன்னொன்று. எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

என் தங்கை ஒரு நிகழ்ச்சிக்கு வேடம் போட்டுப் போவதற்காக ஒரு பாத்திரத்தைத் தானே கற்பனை செய்து வரைந்திருந்தாள். பாலை நிலத்து வீராங்கனை, கொற்றவை வழி வந்தவள். மார்புக் கவசத்தின் இரண்டு பக்கமும் கலைமான் கொம்புகள் கிளைத்து ஏற வேண்டும், அதுவும் தோலிலேயே செதுக்கியதாக இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள். அதற்கு வெஜ் டேன் தோல்தான் சரிப்படும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் பதனிடுகிற தோல் அது. நனைத்தால் இளகும், அப்போது அழுத்திய கோடு காய்ந்த பிறகும் அப்படியே நிற்கும். ஜாக்கெட்டுக்கும் பைக்கும் போகிற, குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோல் மெத்தென்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் செதுக்கல் அதில் நிற்காது.

இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்திருக்கும் ஒருவரைப் பிடித்தோம். தமிழர். அந்தேரியில் ஒரு காபிக் கடையில் சந்தித்தார். பட்டறை தாராவியில் இருக்கிறது என்றார், ஆனால் கூட்டிப்போகவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு மட்டமா செய்வேனா ப்ரோ" என்று உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாலு மில்லிமீட்டர் கனம், வெட்டிய ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. தண்ணீர்ச் சொட்டு வைத்ததும் உறிஞ்சிக் கருத்தது. அசல் வெஜ் டேன், அதில் சந்தேகமே இல்லை. மொத்தம் 28,000 ரூபாய் பேசி, 18,000 முன்பணம் அனுப்பினோம். அளவெடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் வழக்கமான இழுத்தடிப்புதான். அதில் ஒரு சாக்கை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நம்பிவிடுவார்கள். "2015 சட்டத்துக்குப் பிறகு மகாராஷ்டிராவில் தோலே கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்" என்று கூடுதலாக 4,000 வாங்கினார். அந்தச் சட்டம் காளை, எருது வெட்டுவதைத் தடை செய்தது. எருமைக்குத் தடை இல்லை. அதோடு, தாராவிக் கடைகளுக்குப் பதனிட்ட தோல் சென்னை, கான்பூர், கொல்கத்தா என்று வெளியிலிருந்தும் வருகிறது. கவசத்துக்கு எருமைத் தோலே அருமையான கனம்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை பார்சல் வந்தது. பார்வைக்குக் குறையில்லை. தங்கை போட்டுப் பார்த்து, கையைத் தூக்கியதும் தோள்பட்டை வார் ரிவெட் இடத்தில் கிழிந்தது. ஒரு இடத்தில் நூல் அறுந்ததும் தையல் வரிசையாகப் பிரிந்து வந்தது. வியர்வையில் கறுப்புச் சாயம் அவள் ரவிக்கையெல்லாம் இறங்கிவிட்டது. அவ்வளவு ஆசையாகக் காத்திருந்த பிள்ளை, எதுவும் பேசாமல் கழற்றி வைத்தாள். மறுநாள் போகவில்லை.

அந்தக் கவசத்தைத் தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கம் காலமெல்லாம் தோல் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கத்தியால் ஓரத்தைச் சீவிக் காட்டினார். மேலே பிளாஸ்டிக் படலம், அதன் கீழ் தோல் தூளைப் பசையில் அழுத்திய அட்டை, அதற்கும் கீழே ஃபோம். "இது தோலே இல்ல தம்பி. தோல் கடையில கூட்டிப் பெருக்குனத ஒட்டி வித்திருக்கான்" என்றார். மடக்கிக் காட்டினார்: அசல் தோலில் சுருக்கம் ஓடி மறையும், இதில் வெள்ளைக் கோடாக வெடித்தது. கொம்புகள் செதுக்கியவை அல்ல, சூடான அச்சு வைத்து அழுத்தியவை. நகத்தால் கீறினால் உரிந்து வந்தன. கைத்தையல் என்று காசு வாங்கியது மெஷின் தையல். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக விட்டுத் தைத்தால், ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்து நிற்கும் என்று தைத்தே காட்டினார். அவருக்கு வந்த கோபம் எனக்கு வந்ததைவிடப் பெரியது. தன் தொழிலின் பெயரைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள் அல்லவா?

அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருந்த படங்களை, படத்தை வைத்தே தேடித் தருகிற கூகுள் லென்சில் போட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெளிநாட்டுக் கைவினைஞர்களின் வேலை.

பணத்தைக் கேட்டதும் "கஸ்டம் ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லிவிட்டு எண்ணைத் தடுத்துவிட்டார். உங்கள் அளவுக்குச் செய்த பொருள் என்பதற்காக, சொன்ன தோலை மாற்றிக் கொடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டு 6,000 திருப்பினார். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாரிடம் கொடுத்தாலும் பட்டறையை நேரில் பாருங்கள். தோலை வெட்டுவதற்கு முன், பேட்டர்ன் வரைந்த ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் பேனாவால் கையெழுத்துப் போட்டுப் படம் எடுங்கள். உள்பக்கத்தை லைனிங் வைத்து மூடும் முன் இன்னொரு முறை பாருங்கள். இந்த யோசனை பெரியவர் சொன்னது. நேர்மையாக வேலை செய்கிறவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார் என்றார். என்ன தோல், எத்தனை மில்லிமீட்டர், கைத்தையலா மெஷினா என்பதெல்லாம் பில்லிலேயே இருக்கட்டும்.

அந்தப் பக்கம் இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு ஓடுகிறது. காபிக் கடைச் சந்திப்பு, அருமையான சாம்பிள், சட்டத்தைக் காட்டிக் கூடுதல் பணம் என்ற இதே வரிசையில் யாருக்காவது நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர்கள் பலர் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.